பழைய பைக் சொல்லும் சாட்சி

ஏழு வருடப் பழைய நூறு சிசி பைக் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. துடைத்து, பாலிஷ் போட்டு, சீட்டுக்குப் புது உறையும் மாட்டியிருக்கிறார்கள். மீட்டரில் 18,000 கிலோமீட்டர். வாங்க வந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த எண்ணைத்தான். பார்த்ததும் மனக்கணக்கு ஓடுகிறது: ஏழு வருடம் என்றால் 2,500 சொச்சம் நாள்; நாளொன்றுக்கு ஏழு கிலோமீட்டர். வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை மட்டும் வண்டியில் போய்வந்த ஒரு அலுவலரின் பைக் என்றால் இது முழு உண்மையாக இருக்கலாம். ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைப் பிரதிநிதியின் பைக் என்றால் இந்த எண்ணில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கலாம். இரண்டுக்கும் இன்று ஒரே பளபளப்பு, ஒரே எண். விற்பவருக்கு விடை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. விற்பவரின் வாயையும் மீட்டரையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் பார்த்து அதன் கடந்த காலத்தைச் சொல்ல முடியுமா? பெருமளவு முடியும். ஆனால் அதற்கு எதைப் பார்ப்பது என்பதைவிட, பார்த்ததை எவ்வளவு நம்புவது என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

மீட்டரை ஏன் ஒதுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்த கதைதான். பழைய வகை மீட்டரில், முன்சக்கர அச்சின் அருகே உள்ள ஒரு சிறு பல்சக்கரம் ஒரு கேபிளைச் சுழற்றும்; கேபிள் மீட்டருக்குள் எண் உருளைகளை நகர்த்தும். கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், எண் ஓடாது. டிஜிட்டல் மீட்டரில் அந்த எண் ஒரு நினைவகச் சில்லில் உட்கார்ந்திருக்கிறது. உரிய கருவி கையில் இருந்தால் அழித்து எழுதிவிடலாம். இதற்கு மருந்து கண்ட நாடுகள் மீட்டரைப் பூட்டிவைக்க முயலவில்லை, எண்ணைத் தேதியோடு வேறிடத்தில் குறித்துவைத்தன. பெல்ஜியத்தில் 2006 இறுதியிலிருந்து, கார் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அப்போதைய கிலோமீட்டர் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. விற்பவர் அந்தப் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் ஆண்டுச் சோதனையின்போது குறித்த எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஒற்றை எண்ணைத் திருத்துவது சுலபம், தேதியிட்ட வரிசையைத் திருத்துவது கடினம். நம்மூரில் சொந்த உபயோக இருசக்கர வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். அதுவரை கட்டாயத் தகுதிச் சோதனை கிடையாது. ஆகவே சர்வீஸ் புத்தகமோ பில்லோ இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வண்டியின் உடம்பு மட்டுமே ஆவணம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மீட்டர் உண்மையே சொன்னாலும் அது நமக்கு வேண்டிய உண்மை இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இன்ஜின் எண்ணெய் இருக்கும் அறைக்குள் கசியும். வண்டி அரைமணி நேரம் தொடர்ந்து ஓடினால் எண்ணெய் நன்கு சூடேறி அந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். மூன்றரை கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டியில் அது நடப்பதில்லை. ஈரமும், எரியாமல் கசிந்த பெட்ரோலும், எரிப்பில் பிறந்த அமிலமும் எண்ணெயோடு கலந்து கிடக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் முதல் சில நொடிகள் எண்ணெய் மேலே ஏறும்வரை உலோகம் ஏறக்குறைய வறட்சியாகவே உரசுகிறது. ஆக, நாளுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடிய அந்த நேர்மையான பைக்கின் இன்ஜின், நெடுஞ்சாலையில் 50,000 கிலோமீட்டர் சீராக ஓடிய இன்ஜினைவிட மோசமாக இருக்க வாய்ப்பு உண்டு. நாம் தேட வேண்டியது தூரத்தை மட்டும் அல்ல, அந்தத் தூரம் வண்டியின் மேல் விட்டுச்சென்ற தடத்தை.

தடம் எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு தனி அறிவியல் துறையே உண்டு. உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் சேர்த்து ஆராயும் அதற்கு 1966ல் பிரிட்டனில் ஒரு அரசு அறிக்கை வழியாக டிரைபாலஜி என்ற பெயர் பரவியது. தமிழில் தேய்மானவியல் எனலாம். அதன் அடிப்படை விதிகளில் ஒன்றை 1953ல் ஆர்ச்சர்ட் என்ற பிரிட்டன் ஆய்வாளர் வகுத்தார். இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்போது தேய்ந்து போகும் பொருளின் அளவு, அழுத்தும் பாரத்தோடும் வழுக்கிய தூரத்தோடும் கூடும். பொருளின் கடினத்தோடு குறையும். பரப்பு அகலமா குறுகலா என்பது தேய்ந்துபோகும் மொத்த அளவை மாற்றுவதில்லை. எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் உலோகப் பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களால் ஆனது. உண்மையில் தொடுவது மேடுகளின் நுனிகள் மட்டுமே, அவற்றின் மொத்தப் பரப்பைத் தீர்மானிப்பது பாரம்தான். பழைய செருப்பைப் புரட்டிப் பார்த்தால் இந்த விதி முழுதும் அதில் இருக்கும்: எடை எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் அதிகத் தேய்வு, நடந்த தூரத்துக்கு ஏற்ப ஆழம், ரப்பர் மட்டமானால் சீக்கிரம். அறுந்த வாரைப் பத்து ரூபாய்க்கு மாற்றிவிடலாம், அடியில் விழுந்த தேய்வை மறைக்கச் செருப்பையே மாற்ற வேண்டும். நூறு சிசி வண்டி ஒரு கிலோமீட்டர் போகும்போது சக்கரம் ஐந்நூற்றுச் சொச்சம் முறை சுற்றுகிறது. இன்ஜின் 5,000 முறைக்கு மேல் சுற்றுகிறது. இந்தக் கணக்கில், வண்டியில் உரசுகிற ஒவ்வொரு பாகமும் தன்னளவில் ஒரு மீட்டர்தான்.

ஆனால் அந்த மீட்டர்களில் பலவற்றைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சென்னையில் புதுப்பேட்டை வரை ஒரு நடை போனால் ஒரு வண்டியின் எந்தப் பாகத்தையும் வாங்கிவிட முடியும். ஆகவே எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதோடு, அதை மாற்ற எவ்வளவு செலவும் வேலையும் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சீட் உறை ஆகியவை சில நூறு ரூபாய் விஷயம். அவை புதிதாக இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. அவை தேய்ந்து வழவழப்பாக இருந்து மீட்டர் குறைவாகக் காட்டினால் மட்டும் அது பேசும் சாட்சி. டயர் சற்று விலை கூடியது, அதன் பக்கவாட்டில் ஒரு தேதியும் உண்டு: நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வண்டியோடு வந்த டயரில் அந்தத் தேதி வண்டி தயாரான மாதத்துக்குச் சற்று முந்தையதாக இருக்கும். இந்த வகைப் பைக்கில் முன் டயர் பின் டயரைவிட வெகுதூரம் தாங்கும். 18,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் முன் டயரும் பின் டயரும் வண்டிக்கு நான்கு வருடம் இளையவையாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். நியாயமான பதிலும் இருக்கலாம். வெயிலில் நின்றே ரப்பர் வெடித்துப்போவது உண்டு. ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

செயின் நீள்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எஃகுத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஊசி, ஒரு குழலுக்குள் திரும்புகிறது. அந்த இரண்டும் உரசித் தேய்ந்து இடைவெளி விழுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் முடியளவு இடைவெளிகள் சேர்ந்து மொத்த நீளம் கூடிவிடுகிறது. கூடிய நீளத்துக்கும் ஸ்பிராக்கெட் பற்களின் இடைவெளிக்கும் பொருத்தம் கெட்டு, செயின் பல்லின் நுனிக்கு ஏறி உட்காரும், பல் ஒருபக்கமாகக் கொக்கிபோல் வளையும். பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறம் செயினைப் பிடித்து இழுத்தால் பல் பாதி வெளியே தெரிகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். செயினை மட்டும் புதிதாகப் போட்டுப் பழைய ஸ்பிராக்கெட்டை அப்படியே விட்டவர்களைப் பல்லே காட்டிக்கொடுத்துவிடும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் இன்னும் நல்ல சாட்சி கிடைக்கும். பேடை அடிக்கடி மாற்றுவார்கள், தட்டை மாற்றுகிறவர்கள் குறைவு. பேடு படும் வளையம் பள்ளமாகி விளிம்பில் ஒரு மேடு நின்றிருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். குறைந்தபட்சம் எத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்று பல தட்டுகளில் பொறித்தே இருப்பார்கள்.

இந்த இடத்தில் எண்ணிக்கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பெயிண்ட் பளிச்சென்று இருக்கிறது, சீட் புதிது, கைப்பிடி புதிது, ஸ்டிக்கர் புதிது என்று நான்கு நல்ல அறிகுறிகளை எண்ணிவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் உண்டு. அந்த நான்கும் ஒரே கடையில் ஒரே பிற்பகலில் ஒரே கையால் நடந்த வேலை. அவற்றை ஒரு சாட்சியாகத்தான் எண்ண வேண்டும். புள்ளியியலில் இதைச் சார்பின்மை என்பார்கள்: ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறாத சாட்சிகளே தனித்தனியாகக் கணக்கில் சேரும். வாதத்துக்காக, மீட்டர் திருத்திய ஒரு வண்டி ஏதோ ஒரு சோதனையில் தப்பிக்க மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். டயர் தேதி, டிஸ்க் விளிம்பு, ஹேண்டில்பார் பேரிங், குளிர்ந்த இன்ஜினின் ஓசை என நான்கு சார்பற்ற சோதனைகளிலும் அது தப்பிக்க 81ல் ஒரு வாய்ப்புத்தான். தனித்தனியே பார்த்தால் நான்கும் சாதாரணச் சோதனைகள். சேர்ந்து நிற்கும்போது எந்த நிபுணரின் ஒற்றைப் பார்வையையும்விடப் பலம் கூடியவை. கிடைக்கும் விடை நான்கிலும் ஒத்துப்போகிறதா என்பதுதான் சோதனையின் சாரம்.

ஹேண்டில்பார் பேரிங்கை மெக்கானிக்குகள் கோன் செட் என்பார்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பிவிட்டு, ஒரு விரலால் ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் தள்ளிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் தடையின்றிப் போகும். தேய்ந்திருந்தால் நேராக நிற்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் பிடித்து நிற்கும். ஏன் சரியாக அந்த இடத்தில்? வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் போகிறது. எஃகு உருண்டைகள் பள்ளத் தடத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி, சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைகின்றன. அந்த அசைவு மசகை இடையிலிருந்து பிதுக்கித் தள்ளுமே தவிர, திரும்ப இழுத்துவரப் போதாது. வறண்ட இடத்தில் எஃகு எஃகோடு உரசிப் பொடியாகி, உருண்டை உட்கார்ந்த வடிவத்திலேயே குழி விழுகிறது. இதைப் பொய்க்குழி எனலாம். ஓங்கி அடித்தால் விழும் குழியைப் போலவே தோன்றும், ஆனால் அடி விழுந்திருக்காது. 1930களில் அமெரிக்காவில் ரயிலில் ஏற்றித் தொலைவூர்களுக்கு அனுப்பிய புத்தம்புதிய கார்களின் சக்கர பேரிங்குகளில் இத்தகைய குழிகளைக் கண்டு பொறியாளர்கள் திகைத்தார்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார்கள். ரயில் பெட்டியின் அதிர்விலேயே, சுழலாமல் நின்ற பேரிங் தேய்ந்திருந்தது. ஓடியதால்தான் பாகம் தேயும் என்ற எண்ணத்தை அந்தக் கார்கள் உடைத்தன. நமக்கு இதில் ஒரு நன்மை உண்டு: கோன் செட்டை மாற்ற முன்பக்க ஃபோர்க்கையே இறக்க வேண்டும், பளபளப்புக்காக யாரும் அதைச் செய்வதில்லை.

இன்ஜினுக்கு வருவோம். வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. பிஸ்டன் அலுமினியக் கலவை. அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடுதல், சூடேறச் சூடேற அது குறையும். தேய்ந்த பிஸ்டன் முதல் சில நிமிடம் சுவரில் தட்டும் ஓசை கேட்டுவிட்டுப் பிறகு அடங்கிவிடும். விற்பவர் முன்கூட்டியே பத்து நிமிடம் ஓடவிட்டு வைத்திருந்தால் அந்தச் சாட்சி வாயை மூடிக்கொண்டது என்று பொருள். போனதும் இன்ஜின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. இதற்கு நேர்மாறான ஓசையும் உண்டு: குளிர்ந்திருக்கும்போது இல்லாமல், சூடேறி எண்ணெய் நீர்த்த பிறகு அடியிலிருந்து வரும் கனத்த தட்டல். அது கனெக்டிங் ராடு பேரிங் பக்கம் கை காட்டும். முன்னதைவிடச் செலவு பிடிக்கும் சங்கதி. ஒரே வண்டியைக் குளிராகவும் சூடாகவும் இரண்டு முறை கேட்பவருக்குத்தான் இந்த வேறுபாடு புலப்படும்.

புகையும் அப்படித்தான், நிறத்தை மட்டும் பார்த்தால் பாதிச் செய்திதான் கிடைக்கும், எப்போது வருகிறது என்பதில் மீதி இருக்கிறது. காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் வந்து மறையும் வெண்மை வெறும் நீராவி. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. பெரும்பாலும் சிறு வேலையில் தீரும். நீலம் கலந்த புகைதான் எண்ணெய் எரிவதற்கான அடையாளம். இரவு முழுக்க நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப் புகையை விட்டு நின்றுவிட்டால், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள சீல் தளர்ந்து இரவெல்லாம் எண்ணெய் சொட்டியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் உருட்டிவிட்டு மீண்டும் முறுக்கும்போது வந்தாலும் சந்தேகம் வால்வுப் பக்கமே. ஆக்சிலரேட்டரை மூடும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சும் விசை மிகுந்து, மேலிருந்து எண்ணெயை இழுத்துவிடுகிறது. பாரத்தோடு முறுக்கி ஓட்டும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, இன்ஜினை இறக்கிக் கட்ட வேண்டிவரும். (யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கத் துடிப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். டூ ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோலோடு எண்ணெயையும் எரிப்பதற்கென்றே கட்டியது.) சந்தேகம் தீராவிட்டால் மெக்கானிக் ஒரு அழகான பரிசோதனை செய்வார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அளவு கருவி பொருத்தி, கிக்கரை உதைத்து சிலிண்டரின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார். குறைவாக இருந்தால் அதே துளை வழியே ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றித் தேங்கி ரிங் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும், வால்வுகளை எட்டாது. இப்போது அழுத்தம் ஏறினால் கசிவு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். இன்ஜினைத் திறக்காமலே உள்ளே இருக்கும் இரு சந்தேகக் கைதிகளில் குற்றவாளியைப் பிரித்தெடுக்க, மாற்றியது ஒரே ஒரு விஷயம். ஆய்வுக்கூடத்து அறிவியலும் வேறு எதையும் செய்வதில்லை.

எண்ணெயை விரலில் தொட்டுப் பார்ப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1940களிலேயே அமெரிக்க ரயில் நிறுவனங்கள் டீசல் இன்ஜின்களின் எண்ணெய் மாதிரியை எடுத்து, அதைச் சுடர்விடச் செய்து, வரும் ஒளியின் நிறங்களைப் பிரித்து, எந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து, எந்தப் பாகம் தேய்கிறது என்பதை முன்கூட்டியே சொன்னார்கள். பைக் வாங்குபவருக்கு அந்தக் கருவி வேண்டாம். அளவுகோலில் ஒட்டிவரும் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் துகள் மினுங்கினால் ஒரு காந்தத்தைக் காட்டலாம்: ஒட்டுவது எஃகு, ஒட்டாதது பெரும்பாலும் அலுமினியம். தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தால்? நேற்று மாற்றியது. நல்லதுதான், ஆனால் அந்த எண்ணெயிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து, வண்டி விபத்தில் சிக்கியதா என்ற கேள்வி. எஃகுக் குழாயை ஓரளவு வளைத்தால் விட்டதும் பழையபடி நிமிரும். ஒரு எல்லையைத் தாண்டினால் நிமிராது. அந்த எல்லைக்கு மீட்சி எல்லை என்று பெயர். சட்டகம் அதைத் தாண்டிவிட்டால் தட்டி நிமிர்த்தி வண்ணம் பூசுவார்கள். வெளியே தெரியாது என்பது நம்பிக்கை. ஆனால் பெயிண்ட் எஃகைப்போல் நீளாது. எஃகு சற்றே நீளும்போதே அதன் மேல் பூச்சு விரிசல் விடும். பொறியாளர்கள் ஒரு பாகத்தில் எந்த இடத்தில் அழுத்தம் குவிகிறது என்று அறிய, நொறுங்கும் அரக்குப் பூச்சை வேண்டுமென்றே பூசிப் பாரம் ஏற்றி விரிசல்களைப் பார்ப்பது பழைய வழக்கம். கம்பெனியில் பூசிய பெயிண்டும் அறியாமலே அந்த வேலையைச் செய்கிறது. ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டகத்தின் குழாய்கள் கூடும் கழுத்துப் பகுதியில், பெயிண்டில் மயிரிழை விரிசலோ சுருக்கமோ இருந்தால் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் முழுதாகத் திரும்பும்போது மோதி நிற்கும் சிறு எஃகுத் தடுப்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தால், முன்சக்கரம் எங்கோ பலமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் நூல் பிடித்துப் பார்ப்பது மேஸ்திரி சுவருக்குச் செய்யும் அதே வேலை, அதே துல்லியம். வண்டி இரு பக்கமும் ஒன்றுபோல் பழசாக வேண்டும். ஒரு பக்க ஃபுட்ரெஸ்ட் நுனி, ஒரு பக்க லீவர், ஒரு பக்க சைலன்சர் மட்டும் உரசியோ புதிதாகவோ இருந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டுவிடலாம். எந்தப் பக்கமும் விழவில்லை என்று பதில் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

சட்டகத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணைப் பார்ப்பதில் இருக்கும் உலோகவியல் இன்னும் சுவையானது. எண்ணை அச்சால் குத்தும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் படிகங்கள் நசுங்கி இறுகிவிடுகின்றன. திருட்டு வண்டியின் எண்ணை அரத்தால் ராவி மறைத்தாலும் இறுகிய அடுக்கு அடியில் மிச்சமிருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை மெருகேற்றி, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவையைத் தடவுகிறார்கள். நசுங்கிய படிகமும் நசுங்காத படிகமும் வெவ்வேறு வேகத்தில் அரிபடும். அழித்த எண் நிழலாக எழும்பி வரும். வாங்குபவர் அமிலம் கொண்டுபோக வேண்டியதில்லை. எண்ணைச் சுற்றி அரத்தின் கீறல், எழுத்துகளின் ஆழத்தில் ஏற்றத்தாழ்வு, அங்கு மட்டும் தடித்த பெயிண்ட், இவற்றைப் பார்த்துவிட்டு, எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடும் அரசின் வாகனப் பதிவுத் தளத்தோடும் ஒப்பிட்டால் போதும். கடன் பாக்கி பதிவாகியிருந்தால் அதே தளத்தில் தெரியும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதும் சென்னையில் கேட்க வேண்டிய கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் நின்ற வண்டிகள் மூழ்கின. வெளியே கழுவிவிடலாம், ஹெட்லைட் கூட்டுக்குள் படிந்த வண்டலையும், ஒயர் இணைப்புகளில் தாமிரம் அரித்துப் பூத்த பச்சையையும் கழுவ யாரும் கூட்டைப் பிரிப்பதில்லை.

இவ்வளவும் எதற்கு, நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனால் ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவே. அவர் காதும் விரலும் செய்வது மேலே சொன்ன ஒப்பீட்டைத்தான், ஆயிரம் வண்டிகளின் நினைவோடு. ஆனால் முன்பே சூடேற்றி வைத்த இன்ஜினில் அவருக்கும் பாதி ஓசை கேட்காது. தீர்ப்புக்கான காரணத்தை அவரால் சொல்ல முடிகிறதா என்றும், அந்தக் காரணம் வேறொரு பாகத்தில் உறுதியாகிறதா என்றும் கேட்பது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: முப்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு யார் இத்தனை சோதனைக்கு விடுவார்கள்? குளிர்ந்த இன்ஜின் வேண்டும், சக்கரத்தைக் கிளப்ப வேண்டும், பிளக்கைக் கழற்ற வேண்டும் என்றால் விற்பவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்பது உண்மைதான். 1970ல் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்தே இதை ஆராய்ந்தார். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது அவர் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டியின் சொந்தக்காரர் விற்க மனமின்றி விலகுவார். அதனால் சந்தையில் சராசரித் தரம் இறங்கும், விலையும் இறங்கும், இன்னும் சிலர் விலகுவார்கள். 2001ல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்த மைக்கேல் ஸ்பென்ஸ் மறுமுனையிலிருந்து பார்த்தார்: கெட்ட பொருள் வைத்திருப்பவருக்குச் செலவு அதிகம் பிடிக்கிற ஒரு செயலைச் செய்துகாட்டுவதன் மூலம் நல்ல பொருள் வைத்திருப்பவர் தன்னைப் பிரித்துக்காட்ட முடியும். சோதனைக்குச் சம்மதிப்பது அத்தகைய செயல். நல்ல இன்ஜின் வைத்திருப்பவருக்கு அதில் போவது அரைமணி நேரம். தேய்ந்த இன்ஜின் வைத்திருப்பவருக்கு விலையில் பல ஆயிரம். நேரமில்லாத நேர்மையாளரும் மறுக்கக்கூடும் என்பதால் மறுப்பை நிரூபணமாகக் கொள்ள முடியாது. இன்னொரு சார்பற்ற சாட்சியாகக் கொள்ளலாம், மற்றவற்றோடு சேர்த்து எண்ணலாம்.

எல்லாச் சோதனையும் தேறிய வண்டி அடுத்த மாதமே மக்கர் செய்யாதா? செய்யலாம். தேய்மானம் மெல்ல நடப்பதால் தடம் விடுகிறது. உலோகக் களைப்பு அப்படி இல்லை. கனெக்டிங் ராடு பேரிங்கின் உருளைகள் கோடிக்கணக்கான முறை அழுத்தம் வாங்கி, பரப்புக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கி, ஒருநாள் செதில் பெயர்ந்து விழும். அதற்கு முந்தைய நாள்வரை ஓசை சுத்தமாக இருக்கும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்து ஒரே பாரத்தில் ஓடவிட்ட பேரிங்குகள்கூட ஒன்றாகச் சாவதில்லை. அதனால்தான் 1947ல் சுவீடனின் லண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் வகுத்த கணக்கில், நூறு பேரிங்குகளில் பத்து கெட்டுப்போகும் காலத்தையே ஆயுள் என்று வைத்தார்கள். பாதி கெட்டுப்போக அதைப்போல் ஐந்து மடங்கு காலம் ஆகலாம். இந்தச் சிதறலை எந்தப் பரிசோதனையும் குறைக்காது. எனவே பேரம் பேசும்போது இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போட வேண்டியிருக்கிறது. டயர், செயின் ஸ்பிராக்கெட், கோன் செட், வால்வு சீல் எனச் சோதனை காட்டிக்கொடுத்தவற்றின் விலையையும் கூலியையும் பட்டறையில் கேட்டு அப்படியே கழிப்பது முதல் கணக்கு. இன்ஜினை ஒரு முறை இறக்கிக் கட்ட ஆகும் செலவில் ஒரு பங்கு இரண்டாவது. அந்தப் பங்கு எவ்வளவு என்பது சாட்சிகள் எந்த அளவுக்கு ஒத்துப்போயின என்பதைப் பொறுத்தது.